ஐம்பதாம் நம்பர் நாற்காலி

அத்தியாயம் 9

கதவு சாத்திக்கொண்ட சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை. 'டொக்'. பிடுங்கிய பல்லைப் பீங்கான் கிண்ணத்தில் போட்டால் வருமே, அந்த மாதிரி ஒரு சின்ன, திருப்தியான டொக். ஆனால் அதைக் கேட்டதும் கேபிள் ஒரு சாண் மேலே எழும்பி, அங்கேயே கொஞ்சம் யோசித்துவிட்டு, திரும்பவும் தரைக்கு வந்தான்.

"காத்துல சாத்திக்கிச்சு போலக்கா," என்றான்.

"இந்த ரூம்ல காத்து ஏதுடா," என்றார் தபாலம்மா, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

அது உண்மைதான். பல் டாக்டர் தொழில் பண்ணிய காலத்தில் அது எக்ஸ்ரே அறை. ஜன்னல் கிடையாது. நாலு சுவருக்குள்ளும் ஈயத் தகடு. கதவுக்குள்ளும் ஈயத் தகடு. அந்தக் கதவின் கனத்தை ஒரு கர்ப்பிணி யானையின் கனம் என்று சொன்னால் யானை கோபித்துக்கொள்ளும். மேலே ஒரு சிவப்பு பல்பு. சுற்றிலும் தரையிலிருந்து கூரை வரை அலமாரி. அலமாரி முழுக்க நாற்பது வருஷத்து நோயாளிகளின் பல்வரிசை, வெள்ளை மாவில் அச்செடுத்து, நம்பர் போட்டு, அடுக்கி வைத்தது. எண்ணிப் பார்த்தால் இரண்டாயிரம் வாய் தேறும். அத்தனையும் சிவப்பு வெளிச்சத்தில் கேபிளைப் பார்த்து இளித்தன.

கேபிள் கதவைத் தள்ளினான். தோளால் இடித்தான். பிறகு கைப்பிடியைத் தேடினான். கைப்பிடி இருந்த இடத்தில் மூன்று ஓட்டைகள் மட்டும் இருந்தன.

"கைப்பிடியை மாமாவே கழட்டிட்டாரு," என்றாள் அவர்களோடு மாட்டிக்கொண்ட நர்ஸ். "திருடன் உள்ள வந்தா உள்ளயே மாட்டிக்கட்டும்னு."

"நல்ல மனுஷன். ஊரெல்லாம் திருடனை வெளியே நிறுத்தப் பாக்குது, இவரு உள்ள வெச்சு வளர்க்கப் பாக்கறாரு."

கேபிளுக்கு நாற்பத்திமூன்று வயது. ஒரு காலத்தில் மொட்டை மாடி மொட்டை மாடியாகத் தாவி டிவி வயர் இழுத்தவன். இப்போது வீட்டுக்கு வீடு வைஃபை பெட்டி மாட்டுகிறான். மீதி நேரத்தில் தபாலம்மாவுக்கு உதவியாளன். அதாவது, அவர் யோசிக்கும்போது இவன் பேசுவான். தபாலம்மா முப்பத்திநாலு வருஷம் தபால் ஆபீசில் கடிதம் பிரித்தவர். ஒன்பதடி தூரத்திலிருந்து வீசினாலும் கடிதம் சரியான பெட்டியில் போய் விழும். உறையின் மேல் எழுதிய விலாசத்தைப் பார்த்தே உள்ளே இருப்பது பொய்யா மெய்யா என்று சொல்லிவிடுவார் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. பேச்சைக் கிளப்பிவிட்டவனே கேபிள்தான். ஓய்வு பெற்ற பிறகு தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தருவது அவர் தொழில்.

மூன்றாவது ஆள், அவர்களைக் கூப்பிட்டவள். அந்த வீட்டு மருமகள், ஆஸ்பத்திரி நர்ஸ். ஒரு ராத்திரி முழுக்க ரயிலில் போக வேண்டிய தூரத்து ஊரில், குழந்தைகள் ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ் வேலை அவளுக்குக் கிடைத்திருந்தது. இன்று நாலு மணிக்குள் போனிலேயே ஒரு படிவத்தை நிரப்பி 'வருகிறேன்' என்று அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் வேலை அடுத்தவளுக்கு. படிவத்தின் கடைசி வரி: 'என் மேல் எந்தப் புகாரும் இல்லை.' அந்த வரிக்கு வந்ததும் அவள் விரல் மூன்று நாளாக அப்படியே நின்றுகொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் இந்த அறையிலிருந்து ஒரு பிஸ்கட் டின் போய்விட்டது. உள்ளே பிஸ்கட் இல்லை. நாற்பது வருஷமாக டாக்டர் கழற்றிய தங்கப் பல் உறைகள். 'கால்வாசி ஆஸ்பத்திரி கட்டலாம், அவ்வளவு தங்கம்' என்று டாக்டர் சொல்வார். டாக்டர் எதையும் குறைத்துச் சொல்லும் ஆள் இல்லை.

அரை மணிக்கு முன்னால் தன் போனாலேயே கதவைத் திறந்துவிட்டு, அவள் மாமனாரான டாக்டர் வழக்கை ஒரே மூச்சில் முடித்திருந்தார்.

"இந்தப் பூட்டு என் போன் சொன்னா மட்டும்தான் திறக்கும். ஐ.பி. அட்ரஸ் அம்பது. இந்த வீட்ல எனக்கு மட்டும்தான் நிலையான அட்ரஸ். மத்த எல்லாம் வந்து போறது. செவ்வாக்கிழமை ரெண்டு நாப்பதுக்கு அம்பது திறந்ததா பூட்டே எழுதி வெச்சிருக்கு. நான் மாடில தூங்கிட்டிருந்தேன், போன் என் தலைமாட்ல. பையன் கீழே ஆபீஸ் மீட்டிங்ல கத்திட்டிருந்தான், தூங்கற வரைக்கும் என் காதாலயே கேட்டேன். மாடில இருந்தது இவ ஒருத்திதான். அப்புறம் துப்பறிய என்ன இருக்கு?"

"உங்க போனை இவங்க தொட்டதை நீங்க பாத்தீங்களா?" என்று தபாலம்மா கேட்டார்.

"பாக்க வேணாம். எனக்கு மழை இல்லாம தூக்கம் வராது. மழைச் சத்தம் என் போன்ல இருக்கு, வைஃபைல ஸ்பீக்கருக்குப் போகும். அன்னிக்குப் பாதித் தூக்கத்துல மழை நின்னுபோச்சு. முழிச்சுட்டேன். யார்டா மழையை நிறுத்தினதுன்னு கத்தினேன். பையன் ஓடி வந்தான். 'அவதான்பா, இப்பத்தான் இந்த ரூம்லேர்ந்து வெளியே போனா'ன்னான். பெத்த பையன் பொண்டாட்டி மேல பொய் சொல்வானா?"

அந்த மகன் பக்கத்திலேயே தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அவனைப் போல ஒரு சாதுவைக் கேபிள் பார்த்ததில்லை. வந்ததும் நாற்காலி போட்டான், தண்ணீர் கொடுத்தான், மின்விசிறியைத் திருப்பி வைத்தான். அப்பாவிடம் மூன்று நாளாக மன்றாடிக்கொண்டிருந்தவனும் அவன்தானாம்: புகார் வேண்டாம்பா, அவள் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருக்கட்டும், நீங்கள் மன்னித்துவிடுங்கள். டாக்டரும் ஒப்புக்கொண்டிருந்தார். அவர் தூங்கி எழுந்ததும், நாலு மணிக்குள் மருமகள் பதில் சொல்ல வேண்டும். ஒன்று வீடு, அல்லது புகார்.

டாக்டர் தூங்கப் போனார். கனமான கதவைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றான் மகன். "நீங்க உள்ள பாருங்க, நான் பிடிச்சுக்கறேன்," என்றான். தபாலம்மா அலமாரியைப் பார்த்தபடி, "அந்த மழை எப்படித்தான் நின்னிருக்கும்," என்று யாரையும் கேட்காமல் கேட்டார்.

அதற்கப்புறம்தான் டொக்.

மணி மூன்று பத்து. கேபிள் கத்திப் பார்த்தான். ஈயம் அவன் குரலை முழுங்கி ஏப்பம்கூட விடவில்லை. நர்ஸ் போனை எடுத்துப் பார்த்தாள். ஈயச் சுவருக்குள் டவர் எட்டிப் பார்க்குமா?

"வைஃபை இருக்கு," என்றாள். "பூட்டுக்காக உள்ளயே ஒரு சின்னப் பெட்டி மாட்டியிருக்கு." உடனே முகம் சுருங்கியது. "ஆனா ஒண்ணும் போகல. இணையம் இல்லைங்குது. அரை மணி முன்னாடி இருந்துச்சு."

கேபிள் எட்டிப் பார்த்தான். உதட்டைக் கடித்தான். "வீட்டுக்குள்ள வைஃபை நல்லாவே ஓடுது. தெருவுலேர்ந்து வர்ற வயரை மட்டும் யாரோ பிடுங்கியிருக்காங்க. அதாவது இந்த வீட்டுக்குள்ள யாரும் யார்கூடவும் பேசலாம், வெளியேதான் பேச முடியாது."

"மூணு வருஷமா அப்படித்தான் இருக்கு," என்றாள் நர்ஸ்.

அவள் அதைச் சிரிப்பாகத்தான் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. இரண்டாயிரம் பல்வரிசை மட்டும் சிரித்தன.

"காத்து எவ்வளவு நேரம் தாங்கும்?" கேபிள் சட்டைப் பித்தானைக் கழற்றினான். அறை சுருங்கிக்கொண்டு வருவதாக அவனுக்குத் தோன்றியது. வலப்பக்கத்து அலமாரி ஒரு அடி நகர்ந்து வந்திருந்தது என்று அவன் சத்தியமே செய்வான்.

"மூணு பேருக்கு ரெண்டு நாள் தாங்கும்," என்றாள் நர்ஸ், தொழில்காரியின் குரலில்.

"நான் பேசாம இருந்தாவா, பேசினாவா?"

"நீ பேசினா சாயங்காலம் வரைக்கும்," என்றார் தபாலம்மா. "எனக்குக் கவலை காத்து இல்ல. நாலு மணி. கதவைச் சாத்தினவனுக்கும் அதுதான் கவலை. நாம சாகணும்னு அவன் நினைக்கல. நாலு மணி ஆகணும்னு நினைக்கறான். அவ்வளவுதான்."

"அக்கா, அந்தச் சாதுவையா சொல்றீங்க? அவரு கை வலிச்சு விட்டிருப்பாரு. ஒரே பையன். நாளைக்கு டாக்டர் கண்ணை மூடினா தங்கப் பல்லும் அவருக்கு, தகரப் பல்லும் அவருக்கு. தன் சட்டைப் பையில தானே பிக்பாக்கெட் அடிக்கற ஆளை நீங்க பாத்திருக்கீங்களா?"

இப்படிச் சொல்லிக்கொண்டே அவன் அலமாரியில் சாய்ந்தான். அலமாரி சாயவில்லை, பல்வரிசைகள் சாய்ந்தன. எண்பதுகளின் பாதி ஊர் அவன் தோளில் கொட்டியது. ஒரு மேல்வாய் அவன் காலரைக் கவ்விக்கொண்டு தொங்கியது. தலையில் விழுந்த கடைவாய் ஒன்றை எடுத்துப் பார்த்து, "சொத்தை," என்றான்.

தபாலம்மா கொட்டியதைப் பார்க்கவில்லை. கொட்டிய இடத்தைப் பார்த்தார். காலியான தட்டின் பின்பக்கம், சுவரை ஒட்டி, ஒரு சதுர டின் நின்றுகொண்டிருந்தது. மூடியில் ஒரு குழந்தை பிஸ்கட் தின்று சிரித்தது.

நர்ஸ்தான் எடுத்தாள். ஆட்டிப் பார்த்ததும் உள்ளே கலகலவென்றது. மூடியைத் திறந்தாள். சிவப்பு வெளிச்சத்தில் தங்கம் தங்கமாகவே இருந்தது. கால்வாசி ஆஸ்பத்திரிக்குத் தேறாது; ஒரு கைப்பிடி.

"அப்பாடா," என்றான் கேபிள். "கிடைச்சிருச்சு. கேஸ் முடிஞ்சுது."

"முடியலைங்க," நர்ஸ் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள். "இப்பத்தான் நான் மாட்டிக்கிட்டேன். கதவு திறக்கும்போது டின்னும் நானும் ஒரே ரூம்ல இருப்போம். பயந்து போய்த் திருப்பி வெச்சுட்டான்னு மாமா சொல்வாரு. இல்லைன்னு நான் எதை வெச்சுச் சொல்றது?"

அவள் சொன்னது கல்லுப் போல நியாயம். கேபிளே ஒத்துக்கொண்டு தலையாட்டினான். அது வருஷத்துக்கு ஒரு தடவை நடப்பது.

தபாலம்மா டின்னை வாங்கி, எடுத்த இடத்திலேயே திருப்பி வைத்தார். "திருடினவன் திருட்டுச் சாமானை இந்த ரூமை விட்டே கொண்டுபோகல. தங்கம் அவனுக்கு வேண்டாம். டின் காணோம்கற பேச்சு போதும். கேபிளு, இந்த அம்பது என்ன கதை? சுருக்கமா சொல்லு. நீ சுருக்கமா சொன்னா அரை மணி ஆகும், அதனால ரொம்பச் சுருக்கமா."

கேபிள் தோளிலிருந்த மாவைத் தட்டிக்கொண்டான். "வைஃபை பெட்டின்றது லாட்ஜ் மேனேஜர் மாதிரிக்கா. போன் வந்தாலும் டிவி வந்தாலும், 'உனக்கு இருபத்திமூணு, உனக்கு இருபத்தேழு'ன்னு காலியா இருக்கற நம்பரைக் கொடுக்கும். போயிட்டு நாளைக்கு வந்தா வேற நம்பர். அது டைனமிக். முக்காவாசி வீட்டுக்கு அதுவே போதும். ஆனா பூட்டுக்கு யார் பேச்சைக் கேக்கணும்னு தெரியணுமில்ல? டாக்டர் போன் தினம் நம்பர் மாத்தினா பூட்டு குழம்பும். அதனால அவருக்கு மட்டும் மாறாத நம்பர். ஃபிக்ஸட்."

"கொடுத்தது யாரு, மேனேஜரா?"

கேபிள் நர்ஸைப் பார்த்தான்.

"இல்ல, அவருதான்," என்றாள் நர்ஸ். அவர் என்றால் புருஷன். "மாமா போனை வாங்கி, அதுலயே நம்பரைத் தட்டிப் போட்டாரு. பூட்டுக்கு முதல்ல ஒரு பாஸ்வேர்டு இருந்துச்சு. மாமா தினம் மறந்துட்டுத் தினம் திட்டினாரு. அதையும் இவரே எடுத்துட்டாரு. அம்பதா இருந்தா போதும்னு வெச்சுட்டாரு."

கேபிள் மெதுவாக, மிக மெதுவாக, தன் நெற்றியில் அடித்துக்கொண்டான். "அக்கா, இது நாற்காலி. அம்பதுன்னு எழுதின ஒரு நாற்காலி. பூட்டு மூஞ்சியைப் பாக்கறதே இல்ல. எவன் அந்த நாற்காலில உக்காந்து 'திற'ன்னாலும் திறக்கும். எந்த போன்லயும் அம்பதுன்னு கையால தட்டிப் போடலாம்."

"முப்பத்திநாலு வருஷம் நான் வேற என்னத்தைப் பாத்தேன்," என்றார் தபாலம்மா. "உறைக்கு மேல விலாசம் இருக்கும். கதவைத் திறந்து வாங்கறது யாருன்னு உறைக்குத் தெரியாது. சரி, நாற்காலில டாக்டர் உக்காந்திருக்கும்போதே இன்னொருத்தன் வந்து உக்காந்தா?"

"தள்ளுமுள்ளுதான். டாக்டர் போன் பாதில..."

கேபிள் நிறுத்தினான். அவன் வாய் திறந்தபடியே நின்றது. இரண்டாயிரத்து ஒன்றாவது வாய்.

"சொல்லு."

"பாதில ஊமையாயிடும். ஸ்பீக்கருக்குப் போயிட்டிருக்கற சத்தம் நின்னுபோகும். மழை நின்னுபோகும்."

நர்ஸ் எழுந்து நின்றுவிட்டாள்.

"இப்பப் புரியுதா, வெளி வயரை மட்டும் ஏன் பிடுங்கினான்னு?" தபாலம்மா தரையில் கிடந்த ஒரு கீழ்வாயை எடுத்து அதன் மேல்வாயோடு சேர்த்து வைத்தார். "மொத்தப் பெட்டியையும் அணைச்சுப் போட்டா இன்னும் சுலபம். ஆனா மழை நின்னுடும். அப்பா முழிச்சுக்குவாரு. மழைக்கும் பெட்டிக்கும் உள்ள சொந்தம் தெரிஞ்சவன் பண்ண காரியம் இது. நான் மழையைப் பத்திக் கேட்ட நிமிஷம் கை வலிச்சது பாரு அவனுக்கு."

நர்ஸ் தன் போனை நீட்டினாள். "இதுல போடுங்க. சீக்கிரம்."

"உன் போனைத் தொடாதேம்மா," தபாலம்மா அவள் கையை மடக்கினார். "அதுல அம்பதுன்னு ஒரு தடவை ஏறிட்டா, நாளைக்கு உன்னை யார் நம்புவா? கேபிளு, உன்னுதுல போடு."

வீட்டு வைஃபையின் கடவுச்சொல்லை நர்ஸ் சொன்னாள்: 'பல்லைக்கடி'. கேபிள் உள்ளே நுழைந்தான். மேனேஜர் அவனுக்கு முப்பத்தியொன்று கொடுத்தார். அதை வேண்டாமென்று தள்ளிவிட்டு, தன் கையாலேயே கடைசி எண்ணை ஐம்பது என்று தட்டினான். பூட்டின் முதுகில் ஒட்டியிருந்த சீட்டில் பூட்டின் எண் இருந்தது. அந்த எண்ணைப் போனின் பிரவுசரில் தட்டித் திறந்தான். திரையில் ஒரே ஒரு பித்தான். 'திற'.

அழுத்தினான். ஒன்றும் நடக்கவில்லை.

மறுபடி அழுத்தினான். திரை சுற்றியது. மாடியில் ஒரு கிழவர் தூக்கத்தில் நாற்காலியை விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டிருக்கிறார். கீழே இவன் இடுப்பால் தள்ளுகிறான். மணி மூன்று முப்பத்தியெட்டு. வியர்வை மூக்கு நுனியிலிருந்து திரையில் விழுந்தது. கேபிளுக்கு இப்போது இடப்பக்கத்து அலமாரியும் நகர ஆரம்பித்திருந்தது. இந்த அறையிலேயே செத்தால் தன் பல்லையும் அச்செடுத்து நம்பர் போட்டு அடுக்கிவிடுவார்கள் என்று நினைத்தான். மூன்றாவது தடவை அழுத்தினான்.

டொக்.

அவன் கதவின் மேல் பாய்ந்தான். தபாலம்மா அவன் காலரைப் பிடித்தார்.

"அக்கா, விடுங்க. காத்து."

"ஓடினா வெளியதான் போவோம். மெதுவா போனா ஜெயிப்போம். நாற்காலியை விட்டு எந்திரிக்காதே. போனைக் கையிலயே வெச்சுக்க. டின் அங்கயே இருக்கட்டும். சத்தம் போடாம மாடிக்கு வாங்க."

கதவைத் தள்ளினார்கள். கூடத்து வெளிச்சம் கண்ணைக் குத்தியது. கேபிள் மூச்சை இழுத்த இழுப்பில் திரைச்சீலை அவன் பக்கம் வந்தது.

மாடியில் மழை நின்றிருந்தது.

"யார்டா அது," டாக்டரின் குரல் வீட்டை இரண்டாகப் பிளந்தது. "யார்டா மழையை நிறுத்தினது?"

அடுப்படியிலிருந்து யாரோ தடதடவென்று படியேறி ஓடினார்கள். மூவரும் பின்னால் பூனை போல ஏறினார்கள். டாக்டரின் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. தபாலம்மா விரலை உதட்டில் வைத்தார். நர்ஸின் தோளைப் பிடித்துத் தூணுக்குப் பின்னால் நிறுத்தினார்.

உள்ளே டாக்டர் கட்டிலில் உட்கார்ந்து போனை உலுக்கிக்கொண்டிருந்தார். மகன் எதிரே நின்றான்.

"செவ்வாக்கிழமை மாதிரியே நின்னுபோச்சு. உள்ள யார் வந்தது?"

ஒரு கணம்தான். அந்த ஒரு கணத்தில் மகன் எதை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். கரண்ட் போச்சுப்பா என்றிருக்கலாம். தெரியலைப்பா என்றிருந்தால் இந்த அத்தியாயமே இல்லை. ஆனால் மூன்று நாளாகச் சொல்லிச் சொல்லி வாய்க்குப் பழகிப்போன பொய்க்கு முன்னால் புத்தி போய் நிற்பதில்லை.

"அவதான்பா," என்றான், அதே சாதுக் குரலில். "இப்பத்தான் இந்த ரூம்லேர்ந்து வெளியே போனா. நான் பாத்தேன்."

தபாலம்மா கதவைத் தள்ளினார்.

"எத்தனை நிமிஷம் ஆச்சு தம்பி, வெளியே போயி?"

மகன் திரும்பினான். தபாலம்மாவைப் பார்த்தான். அவர் பின்னால் தலையெல்லாம் மாவுடன் கேபிளைப் பார்த்தான். அவனுக்கும் பின்னால் தன் மனைவியைப் பார்த்தான். முகத்தில் இருந்த ரத்தம் எங்கே போனது என்று தெரியவில்லை. காலில் தேடினால் கிடைத்திருக்கும்.

"டாக்டரய்யா," என்றார் தபாலம்மா. "அரை மணியா உங்க மருமக எக்ஸ்ரே ரூம்ல எங்களோட பூட்டிக் கிடந்தாங்க. உங்க போனை யாரும் தொடல. இதோ, இவன் கீழே இருந்தபடியே உங்க அம்பதுல உக்காந்தான். உங்க மழை நின்னுச்சு. கதவும் திறந்துச்சு. கேபிளு, எந்திரி."

கேபிள் போனில் விரலை ஓட்டி ஐம்பதை விட்டான். நாலைந்து விநாடி. கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த ஸ்பீக்கர் தொண்டையைச் செருமிக்கொண்டது போலிருந்தது. பிறகு அறைக்குள் மழை பெய்தது.

டாக்டர் ஸ்பீக்கரைப் பார்த்தார். போனைப் பார்த்தார். கடைசியாக மகனைப் பார்த்தார்.

"தங்கம் எங்கடா?"

"அங்கயேதான் இருக்கு," தபாலம்மா சொன்னார். "எண்பத்தாறாம் வருஷத்துப் பல்லுக்குப் பின்னாடி. அது உங்க ரூமை விட்டுப் போகவே இல்ல. எடுக்கணும்னு நினைச்சவன் எடுத்திருப்பான். இவரு ரூமுக்குள்ளயே நகத்தி வெச்சாரு. அப்புறம் உங்களுக்கும் மருமகளுக்கும் நடுவுல நின்னு சமாதானம் பேசினாரு. புகார் வேண்டாம், வேலையை விட்டுட்டு வீட்டோட இருக்கட்டும். எல்லாரும் எவ்வளவு நல்ல பிள்ளைன்னோம். இவருக்கு வேண்டியிருந்தது அந்தச் சமாதானம்தான். டின் சும்மா ஒரு பொய்ப் பல்."

மழை மட்டும் விடாமல் பெய்துகொண்டிருந்தது. டாக்டர் கையை நீட்டி ஸ்பீக்கரை அணைத்தார்.

மகன் அப்பாவைப் பார்க்கவில்லை. மனைவியைப் பார்த்துத்தான் பேசினான். "புகார் கொடுக்க விட்டிருக்க மாட்டேன். சத்தியமா. நாலு மணி தாண்டிட்டா போதும்னு நினைச்சேன். அதுக்கப்புறம் டின் கிடைச்சிருச்சுன்னு நானே எடுத்துக் கொடுத்திருப்பேன். நீ போயிட்டா இந்த வீட்ல நான் எப்படி... இவரை நான் ஒருத்தன் எப்படிச் சமாளிக்கிறது?"

"கேட்டிருக்கலாமே," என்றாள் நர்ஸ். "போகாதேன்னு ஒரு வார்த்தை. கேட்டீங்களா?"

"கேட்டிருந்தா?"

"போயிருப்பேன். ஆனா அழுதுட்டே போயிருப்பேன்."

அவள் அழவில்லை. ஜன்னல் பக்கம் போனாள். அங்கே போனைப் பிடித்ததும் இரண்டு கோடு டவர் வந்தது. படிவத்தைத் திறந்தாள். கடைசி வரிக்கு விரல் வந்தது. அவள் மாமனார் பக்கம் திரும்பினாள். கேட்கவில்லை, பார்த்தாள். மணி மூன்று ஐம்பத்தியொன்று.

டாக்டர் தன் கையிலிருந்த போனைத் தலையணைக்கடியில் செருகினார். தொண்டையைச் செருமினார். வாழ்க்கையில் ஆயிரக்கணக்கான பேரை வாயைத் திறக்கச் சொன்ன மனுஷர், தன் வாயைத் திறக்க அத்தனை நேரம் எடுத்துக்கொண்டார்.

"புகார் ஏதும் இல்லம்மா," என்றார்.

அவள் விரல் நகர்ந்தது. அழுத்தினாள். திரையில் ஒரு பச்சைக் குறி வந்து நின்றது. அதன் பிறகும் அவள் போனைக் கீழே வைக்காமல், பச்சை போய்விடுமோ என்பது போலப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"மூணு அம்பத்திரெண்டு," என்றான் கேபிள் தாழ்ந்த குரலில். "பல்லுக்கு எட்டினது வாய்க்குள்ளயும் போயிருச்சு."

"இப்ப நீ வாயை மூடலாம்," என்றார் தபாலம்மா.

டாக்டர் கட்டிலை விட்டு இறங்கினார். செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார். மகனுக்கு நேராக வந்து நின்றார். அடிக்கப் போகிறார் என்று கேபிள் நினைத்தான். மகனும் அப்படித்தான் நினைத்து ஒரு அடி பின்வாங்கினான்.

"பரண்ல என் சூட்கேஸ் ரெண்டு இருக்கு," என்றார் டாக்டர். "ஸ்டூலைப் போட்டு ஏறு. ஒண்ணை எடுத்து, தூசி தட்டி, இவகிட்டக் கொடு. நீயே கொடு."

மகன் ஸ்டூலைக் கொண்டுவந்தான். அது ஆடியது. கேபிள் குனிந்து பிடித்துக்கொண்டான். மகன் ஏறி, பரணுக்குள் தலையை விட்டு, தடவினான். தூசி கொட்டியது. உள்ளேயிருந்து அவன் குரல் வந்தது, இருட்டுக்குள்ளிருந்து வருவது போல.

"சின்னதா, பெரிசா?"

நர்ஸ் ஜன்னலிலிருந்து திரும்பினாள்.

"பெரிசு," என்றாள்.